கொடிமரத்தடி உப்பு

யோங் பெங்,
10.3.2024

தங்கை ராஜம்மாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை சுகுமாறனும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை இனிப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அரைப் பக்கம். நடுவில் நீ மண்வெட்டியோடு நிற்கிறாய், இரண்டு பக்கமும் உன் கூட்டத்துப் பெண்கள். கையில் உறை வேறு. படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள்: “கோயில் பூக்குப்பையை மண்புழுவுக்கு இரையாக்கி உரம் எடுக்கும் பெக்கோக் பெண்கள், ஜொகூரிலேயே முதன்முறையாக.” அந்த ‘முதன்முறையாக’வைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். என் வீட்டுப் பேப்பரில் மட்டும்தான் அடிக்க முடிந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், கோயில் பூவைக் கால்வாயில் கொட்டாதீர்கள் என்று இந்த ஊரில் சொன்னது யார்? கப்சாய் மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, யாரோ தூக்கிப்போட்ட குளிர்பெட்டிகளைப் படுக்கப் போட்டு, அதில் புழு வளர்த்தது யார்? நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை. ஆறாம் வகுப்போடு பால்மரக் காட்டுக்கு ரப்பர் வெட்டப் போனவன். மலாய்ச் சிறுபுத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நீ வந்து “ஐயே, புழுவாண்ணே!” என்று முகத்தைச் சுளித்துவிட்டு, போகும்போது ஒரு வாளி வாங்கிக்கொண்டு போனாய். அதுதான் இன்று அரைப் பக்கம்.

முடிவெட்டும் யுகேந்திரன் கடையில் அந்தப் பேப்பர் கிடந்தது. “அண்ணே, இது உங்க தங்கச்சிதானே? பெரிய ஆளாயிட்டாங்க லா!” என்றான். பிறகு, “நீங்களும் முன்ன ஏதோ புழு வளத்தீங்கல்ல?” என்றான். முன்ன!

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ “சரிண்ணே, சரிண்ணே” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். கடிதத்தில் முடியும் வரை நான்தான் பேசுவேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உங்கள் தோட்டத்து வாசலில் ஒரு பலகை நிற்கிறது, படத்தில் பார்த்தேன். அதில் என் பெயரை எழுது. முதலில் செய்தவன் இவன் என்று.

மாப்பிள்ளை முட்டிவலிக்கு என்ன மருந்து போடுகிறார்?

லெட்சுமணன்


பெக்கோக்,
24.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு ராஜம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அவருடைய முட்டிவலி மழைக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அண்ணி இருந்த வரை நான் இதைக் கேட்டதில்லை.

பேப்பர்காரத் தம்பியிடம் உங்கள் பெயரைச் சொன்னேன், அண்ணன். “புழு குடுத்தது யோங் பெங்ல இருக்கிற எங்கண்ணன்” என்று சொன்னதை அவர் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன். பேப்பரில் வரவில்லை. உங்கள் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். “பேரு வரலன்னு மச்சானுக்குக் கோவமா? எனக்கும்தான் பேரு இருக்கு. இந்த ஊர்ல ராஜம்மா புருசன்னுதான கூப்பிடுறாங்க” என்று சிரிக்கிறார்.

எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாலையும் வாழையிலையும் அடைத்துக்கொண்டு, பெரிய மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. இரண்டு வருஷமாக வரவில்லை. பெண்கள் சேர்ந்ததே அதற்காகத்தான். பேப்பருக்காக இல்லை.

ஒரு செய்தி. பசுமைக் குடியிருப்புப் போட்டி என்று மாநில அளவில் வைக்கிறார்கள். எங்கள் செயலாளர் தேன்மொழி பெயர் கொடுத்துவிட்டாள். கிளினிக்கில் வேலை செய்கிற பெண், படபடவென்று மலாய் பேசுவாள். செப்டம்பரில் பார்க்க வருகிறார்களாம். அதற்கு முன்னால் நாங்கள் பதினேழு பேரும் ஒரு வேன் பிடித்து உங்கள் தொட்டிகளைப் பார்க்க வரட்டுமா? எங்களில் பலர் மற்ற இடம் எதையும் பார்த்ததில்லை. எந்த ஞாயிறு என்று எழுதுங்கள். சாப்பாடு நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம்.

உங்கள் தங்கை
ராஜம்மா


யோங் பெங்,
5.4.2024

ராஜம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன்.

வேன் எல்லாம் வேண்டாம். இப்போது புழு முட்டை வைக்கிற நேரம். பதினேழு பெண்கள் வந்து மூடியைத் திறந்து “ஐயே” என்று கத்தினால் தாங்காது. அடுத்த மாதம் பின்கூரைக்கு ஆள் வருகிறான். அதற்குப் பிறகு வெயில். நானே சொல்கிறேன், அப்போது வரலாம். என் தொட்டிகளுக்கு ஒன்றும் குறைவில்லை. அதை நீ யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாலையை அப்படியே போடாதே. இப்போது யாரும் வாழைநாரில் கட்டுவதில்லை, எல்லாம் நைலான். ஒரு நூல் உள்ளே போனால் பத்து வருஷத்துக்கு அப்படியே கிடக்கும். எலுமிச்சை மாலையைத் தனியே எடு. அதன் புளிப்பு புழுவுக்கு ஆகாது.

இன்னொன்று இருக்கிறது. திருவிழா முடிந்து கூட்டுகிற குப்பையில், நம் சனங்கள் சாமிக்கென்று கொண்டுவருகிற ஒரு பொருள் கலந்திருக்கும். பார்த்தால் தெரியாது. புழுவுக்கு அது விஷம். ஒரு வருஷம் என் தொட்டி ஒன்றில் அத்தனையும் செத்துப்போனது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வெள்ளைக்காரன் எழுதிய புத்தகத்தில் மாரியம்மன் கோயில் குப்பை எப்படி இருக்கும்?

அது என்ன என்று சொல்ல மாட்டேன். பலகையில் என் பெயரை எழுது, சொல்கிறேன். உங்களுக்கு ஆடியில் திருவிழா, செப்டம்பரில் போட்டி. கணக்குப் போட்டுக்கொள்.

லெட்சுமணன்


பெக்கோக்,
5.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே பத்து நாளாக அனல். இவருக்கு முட்டி பரவாயில்லை, இப்போது இருமல்.

பதில் தாமதம். பலகை விஷயத்தைக் கூட்டத்தில் வைத்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். வைத்தேன். தேன்மொழி எழுந்துவிட்டாள். “அக்கா, போர்டுல கோயில் பேரு மட்டும்தான் இருக்கு. உங்க பேருகூட இல்ல. இன்னிக்கு உங்கண்ணன் பேரு போட்டா நாளைக்கு வாளி குடுத்தவங்க பேரு, மண்ணு குடுத்தவங்க பேருன்னு வரும். அப்புறம் காய் நடறதுக்கு எடம் இருக்காது லா.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை, அண்ணன். யார் பெயரும் போடுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தது. அதனால்தான் பதினேழு பேரும் இன்னும் ஒன்றாக இருக்கிறோம்.

பலகையில் முடியாது. வேறு ஒன்று செய்யலாம். ஆகஸ்டு நாலாம் தேதி ஞாயிறு எங்கள் திருவிழா. அதற்கு முன்னால் ஒரு நாள் வாருங்கள். எல்லாரையும் உட்கார வைக்கிறேன். அந்தப் பொருள் என்ன என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். ‘எங்கள் அண்ணன்’ என்று சொல்லி நான் உங்களுக்கு நாற்காலி போடுகிறேன்.

நாங்கள் அங்கே வருவது எப்போது?

ராஜம்மா


யோங் பெங்,
19.5.2024

ராஜம்மாவுக்கு,

இருக்கிறேன். மாப்பிள்ளையின் இருமலுக்கு ஆடாதொடை கொடு. கிளினிக் பெண் என்ன சொன்னாலும் கொடு.

வாளி கொடுத்தவனும் நானும் ஒன்றா? வாளி கடையில் கிடைக்கும். கூட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்ததை எனக்கே எழுதி அனுப்புகிறாய். நல்லது.

நாற்காலி என் வீட்டிலேயே இருக்கிறது. அதில் உட்கார பெக்கோக் வரை வரத் தேவையில்லை.

பதினேழு, பதினேழு என்று எழுதுகிறாய். எனக்கு ஒருவன்கூட வரவில்லை என்று குத்திக் காட்டுவதற்குத்தானே? ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். அன்னதானத்துக்குப் பிளாஸ்டிக் தட்டு வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, கோயில் தலைவர் மணியம் அத்தனை பேர் நடுவில், “சாமி வேலைக்கு வந்தியா, குப்ப வேலைக்கு வந்தியா?” என்று கேட்டான். அன்றைக்கு வெளியே வந்தவன் நான். கூட்டம் வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது வராது.

போன வாரம் சந்தையில் அவனே என் முன்னால் வந்து நிற்கிறான். “லெட்சுமணா, பெக்கோக்ல பாத்தியா, பொம்பளைங்க எவ்ளோ அழகா செய்றாங்க! அமைதியா செய்றாங்க” என்றான். அந்த ‘அமைதியா’வை அவன் இழுத்த இழுப்பு இன்னும் காதில் இருக்கிறது. உன் பெயரைச் சொல்லி என்னை அடிக்கிறார்கள். நீ நன்றாகச் செய்யச் செய்ய எனக்கு இங்கே அடி விழுகிறது.

கூரை ஆள் இன்னும் வரவில்லை. வேன் வேண்டாம்.

லெட்சுமணன்


யோங் பெங்,
30.6.2024

ராஜம்மாவுக்கு,

நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருப்பதால்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறாய்.

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன பதினாறாம் தேதி ஆயர் ஈத்தாமில் பேசினாயாமே. மண்டபம் நிறைய ஆளாம், சீனர்கள்கூட வந்து கேட்டார்களாம். யுகேந்திரன் தன் போனில் அந்த வீடியோவை வைத்திருந்தான். நான் பார்க்கவில்லை. கொஞ்சம்தான் பார்த்தேன். நீ ஒலிவாங்கி முன்னால் நின்று, “முதல்ல பூவைப் பிரிக்கணும், நைலான் நூலை எடுக்கணும்” என்கிறாய். அது நான் எழுதியது. ஏப்ரல் ஐந்தாம் தேதி நான் எழுதியது, ராஜம்மா.

பெக்கோக்கிலிருந்து ஆயர் ஈத்தாம் போகிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள்? யோங் பெங்கைத் தாண்டித்தானே? என் தாமான் குடியிருப்பு பெரிய சாலையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போக உனக்கு நேரமில்லை. அன்றைக்கு நான் குளுவாங்குக்குக் கண் காட்டப் போயிருந்தேன் என்பது வேறு விஷயம். நீ வந்து கதவு பூட்டியிருந்தால் அது என் குற்றம். வராதது உன் குற்றம்.

அந்த வாரம் யாரோ என் வீட்டுப் பின்பக்கம் நுழைந்து, அங்கே கிடந்த பழைய குளியல் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டிங்கிக் காய்ச்சல் கொசு பார்க்க வருகிறவர்களாக இருக்கும். இந்த ஊரில் கேட்டுவிட்டு உள்ளே வருகிற பழக்கம் போய்விட்டது.

பலகையைப் பற்றி முடிவு சொல். ஆடி நெருங்குகிறது.

லெட்சுமணன்


பெக்கோக்,
10.7.2024

அன்புள்ள அண்ணன்,

கண்ணுக்கு என்ன சொன்னார்கள்? சொட்டு மருந்தை மறக்காமல் போடுங்கள்.

அன்று வேனில் எல்லாருக்கும் அவசரம். நான் அதிகம் எழுதவில்லை, கோபிக்க வேண்டாம். திருவிழா வேலை. நாலாம் தேதி முடிந்து, ஐந்தாம் தேதி காலையில் கோயிலைக் கூட்டி எல்லாவற்றையும் தொட்டிகளுக்குக் கொண்டுபோவோம்.

மறுபடியும் கேட்கிறேன். அது என்ன, அண்ணன்? வந்து சொல்ல வேண்டும் என்றில்லை. எழுதினாலும் போதும். எப்படியாவது எங்களோடு ஒரு வார்த்தை சேர்ந்துகொள்ளுங்கள்.

ராஜம்மா


யோங் பெங்,
29.7.2024
(அவசரத் தபால்)

ராஜம்மா,

உப்பு.

வேண்டிக்கொண்டு வருகிறவர்கள், மருவுக்கும் தோல் வியாதிக்கும், கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். திருவிழாவில் அது குவியும். பிறகு மேலே பூ விழும், தேங்காய்த் தண்ணீர் விழும், காலில் மிதிபடும், உப்பு கரைந்து பூவோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டுகிறவளுக்குப் பூ மட்டும்தான் தெரியும். அதைத் தொட்டியில் போட்டால் புழு எல்லாம் மேலே ஏறி, மூடியின் உள்பக்கம் நூல் நூலாக ஒட்டிக் காய்ந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்க வேண்டாம்.

கொடிமரத்தைச் சுற்றி இருப்பதைத் தனியே கூட்டு. அதில் ஒரு கைப்பிடிகூடத் தொட்டிக்குப் போகக் கூடாது.

பலகையை விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே. உனக்காகவும் எழுதவில்லை. புழு என்ன பாவம் செய்தது?

லெட்சுமணன்


பெக்கோக்,
11.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

திருவிழா நல்லபடி முடிந்தது. இவர் இருமல் இல்லாமல் கடைசி வரை கூடவே இருந்தார். உங்கள் கடிதம் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. கூட்டத்தில் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

இனி மறைத்துப் பயனில்லை. உப்பு எனக்குத் தெரியும், அண்ணன். இரண்டாம் வருஷமே தெரியும். திருவிழாக் குப்பையைப் போட்டு எங்களுக்கும் ஒரு தொட்டி போனது. செத்ததை அள்ளும்போது என் விரலில் அரிவாள்மணைக் கீறல் இருந்தது, சுரீரென்று எரிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடுத்த வருஷத்திலிருந்து கொடிமரத்தடியில் பெரிய மண் தாம்பாளம் வைக்கிறோம். கொட்டுகிறவர்கள் அதிலேயே கொட்டுகிறார்கள். பூசாரிகூட, “அம்மாவுக்குத் தட்டு வச்ச மாதிரி நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஏன் கேட்டேன் என்று உங்களுக்குக் கோபம் வரும். நீங்கள் சொல்ல வைத்திருந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. அதைச் சொல்லவாவது வருவீர்கள் என்று நினைத்தேன். மே மாதமே உங்கள் நாற்காலிக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தோம்.

இன்னொன்று. ஆயர் ஈத்தாம் போன அன்று நான் வந்தேன். வேனைச் சாலையில் நிறுத்திவிட்டு நானும் தேன்மொழியும் வந்தோம். கதவு பூட்டியிருந்தது. பின்னால் இருப்பீர்கள் என்று பக்கவாட்டில் போனேன். குளிர்பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் பழைய பேப்பர், ஒன்றில் போத்தல், ஒன்றில் ஒன்றுமே இல்லை. குளியல் தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்தது. அதைக் கவிழ்த்தது நான்தான். செத்தது ஒரு தொட்டி இல்லை, எல்லாமே என்று அப்போது புரிந்தது. எத்தனை வருஷமாக அப்படி இருக்கிறது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே கொண்டுவந்திருக்க மாட்டேனா? எங்களிடம் இருப்பதெல்லாம் உங்கள் புழுவின் வம்சம்தானே?

அதை எழுத மனம் வராமல்தான் போன கடிதம் அவ்வளவு சின்னதாகப் போனது.

செப்டம்பர் பதினாலு, சனிக்கிழமை, போட்டிக்காரர்கள் வருகிறார்கள். வாருங்கள்.

ராஜம்மா


யோங் பெங்,
25.8.2024

ராஜம்மாவுக்கு,

ஆள் இல்லாத வீட்டில் பின்பக்கமாகப் போய் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு நம் வீட்டில் ஒரு பெயர் உண்டு. அதை எழுதவில்லை. அந்தக் கிளினிக் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாய்.

தெரிந்த விஷயத்தைத் தெரியாதவள் மாதிரி நாலு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் அவசரத் தபாலுக்கு ஓடினேன். உனக்கு என் மேல் இரக்கம். மணியம் என்னை ஏசினான். ஏச்சு பரவாயில்லை. அவன் என்னைச் சமமாக வைத்துத்தான் ஏசினான்.

தொட்டி காலி என்பது உண்மை. அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

பதினாலாம் தேதி வரவில்லை.

லெட்சுமணன்


பெக்கோக்,
22.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி? நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இங்கே நலம்.

போட்டிக்காரர்கள் வந்தார்கள். மூன்று பேர். எங்களுக்கு இரண்டாம் இடம். முதல் இடம் கடலோரக் கிராமம் ஒன்றுக்கு. கண்டல் மரம் நட்டிருக்கிறார்களாம். தேன்மொழி இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, எனக்கு அது போதும்.

இனிச் சொல்வதைக் கோபமில்லாமல் படியுங்கள். அதில் ஓர் அம்மாள், புழு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். “அபாங் சாயா, யோங் பெங்” என்றேன். என் அண்ணன், லெட்சுமணன், ஜொகூரில் முதலில் செய்தவர் அவர்தான் என்றேன். தேன்மொழி என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. அந்த அம்மாள் அதை எழுதிக்கொண்டார். நேற்றுப் போன் செய்தார்கள். போட்டியைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். தொடங்கிய இடத்திலிருந்தே எடுக்க வேண்டுமாம். அக்டோபர் பதிமூன்று, ஞாயிறு காலை, உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

உங்கள் தொட்டி காலி என்று தெரிந்தேதான் சொன்னேன். இவர்கூட, “ஏன் ராஜம்மா, மச்சான மாட்டி விட்டுட்டியே!” என்று திட்டுகிறார். பெயர் சொல்லச் சொல்லி மார்ச் மாதத்திலிருந்து கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். அதைக் காப்பாற்றுவது உங்கள் பாடு.

புழு வேண்டுமா என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் இரக்கம் என்பீர்கள். வேண்டுமென்றால் நீங்கள் கேளுங்கள்.

தங்கை
ராஜம்மா


யோங் பெங்,
29.9.2024

ராஜம்மாவுக்கு,

உடம்பு இரண்டு நாளாகச் சரியில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகுதான்.

வருகிறவர்களுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லியிருப்பேன். ஆனால் நான் இல்லையென்றால் அவர்கள் பெக்கோக்கிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். பெக்கோக்தான் முதல் என்று படமே எடுத்துவிடுவார்கள். பேப்பரையாவது பேனாவால் அடிக்கலாம். படத்தை என்ன செய்வது?

அதனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். மணியம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“மணியம், பூ வேணும்.”

“என்ன பூ?”

“நீ கால்வாயில கொட்டுற பூ.”

பேனாவை வைத்துவிட்டான். “அஞ்சு வருசமா கோயில் பக்கம் வரல. வந்து கேக்குற மொத வார்த்த குப்பையா?”

“ஒனக்குக் குப்ப. எனக்கு இல்ல.”

சிரித்தான். முன்பென்றால் அந்தச் சிரிப்புக்கே உதைத்திருப்பேன், இப்போது காலம் வேறு. “தூக்கிட்டுப் போ. ஆனா இந்தத் தடவ ஒத்தையா தூக்க வுட மாட்டேன். எங்க ஆளுங்களும் வருவாங்க. வந்தவங்கள வெரட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. சம்மதமா?”

அவன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். குடித்து முடித்த பிறகு சம்மதம் என்றேன். சத்தம் போட மாட்டேன் என்பதற்கு மட்டும் சம்மதம் சொல்லவில்லை. அவன் கவனிக்கவில்லை.

நேற்று நாலு பேர் வந்தார்கள். போத்தலையும் பேப்பரையும் அப்புறப்படுத்தி, குளிர்பெட்டிகளைக் கழுவினோம். ஒருவனுக்கு ஒரு வேலையும் ஒழுங்காகத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிளாஸ்டிக் தட்டைப் பற்றி இன்னும் பேசவில்லை. அதைப் படம் எடுக்கிறவர்கள் முன்னால் பேசுவேன். அங்கே மணியம் ‘ஆகட்டும்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி விஷயம். புழு வேண்டும்.

கேட்டுவிட்டேன்.

ஆறாம் தேதி ஞாயிறு காலையில் கொண்டுவா. அப்போதுதான் ஒரு வாரத்தில் இடம் பழகும். கழுவாதே, பழைய உரத்தோடு அள்ளு, ஈரச் சாக்கு போட்டு மூடு. வேனில் வெயில் படாத பக்கம் வை. பதினேழு பேரும் வரட்டும். சாப்பாடு கட்ட வேண்டாம், என் வீட்டில் சாப்பிடலாம். நான்தான் சமைக்கிறேன், நன்றாக இருக்காது, யாரும் சொல்லக் கூடாது. தேன்மொழி என் காலை மிதிக்காமல் இருந்தால் அவளும் வரலாம்.

எனக்கு உன் மேல் பொறாமை என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். நீ அதை எழுதாமல் விட்டிருப்பாய். சொல்லட்டும். நான் ஆறு தொட்டி வைத்தும் இந்த ஊரில் ஒருவன் எட்டிப் பார்க்கவில்லை. நீ ஒரு வாளியை வைத்து ஒரு தெருவையே எழுப்பிவிட்டாய். பொறாமைப்படாமல் இருக்க நான் என்ன கல்லா?

பதிமூன்றாம் தேதிக்கும் நீ வர வேண்டும். புழுவைப் பற்றி அவர்கள் கேட்டால் நான் பேசுவேன், நீ குறுக்கே வராதே. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதலில் இங்கிருந்து பெக்கோக் போனது, பிறகு பெக்கோக்கிலிருந்து இங்கே வந்தது என்று இரண்டையும் சொல்வேன், அதே வரிசையில். மனுசரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால் நீ எழுந்து பேசு. அது எனக்குத் தெரியாது.

இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

மாப்பிள்ளைக்குப் படியேறச் சிரமம் என்றால் நாற்காலியை வாசலிலேயே போட்டு வைக்கிறேன்.

அண்ணன்
லெட்சுமணன்